வாடி காணாத காளைகள்

தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு வாடிவாசலில் பேர் வாங்கிய காளையை ஊரே கொண்டாடும். எனக்கோ இன்னும் வாடி காணாத இளங்காளைகள் மேல்தான் ஆசை. மார்கழிக் காலையில் கந்தர்வகோட்டைப் பக்கத்து டீக்கடைகளில் எந்தக் காளை முந்தும் என்று நடக்கும் பேச்சே தனி ருசி. "மயிலைக்கு ரெண்டு பல்லுதான், ஆனா பார்வையைப் பாத்தியா மாப்ள?" "இல்ல மாமா, காரிதான் நின்னு வெளயாடும்." அடுத்த வாரமே வரிசை மாறிவிடும்.

வளர்ப்பவரின் பொறுமையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கண்மாயில் நீச்சல் விட்டுக் கரையேற்றும்போது காளையின் தோல் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பிறகு மண் குத்தப் பழக்குவார். செம்மண்ணில் கொம்பு இறங்கும் பொதுக்கென்ற சத்தம், மூக்கிலிருந்து வரும் சீறல், காலடியில் கிளம்பும் ஈரமண் வாசம். அத்தனை வேகத்தில் இருக்கும் மாடு, அவர் நாக்கைச் சப்புக்கொட்டியதும் நின்று, ஊறிய பருத்திக்கொட்டைக்கு முகத்தை நீட்டும். அப்போது திமிலைத் தடவினால் தோல் அலையலையாகச் சிலிர்க்கும். கூட்டத்துக்கு இன்னும் பழகவில்லை என்று தெரிந்தால், "இந்த வருஷம் வேணாம், அடுத்த தைக்குப் பாப்போம்" என்று கட்டுத்தறியிலேயே நிறுத்திக்கொள்வார். அந்த நிதானத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்.