கங்காவிடம் யாரும் கேட்கவில்லை

உளவியலாளரிடம் முதன்முதலாகப் போவதற்குப் பெண்கள் தயங்கும்போது, அந்தத் தயக்கத்தில் பாதி சினிமா கொடுத்தது. 2005இல் பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’யைப் பேய்ப்படம் என்றே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு சிகிச்சையின் கதையாகப் பார்த்தால் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

கங்காவின் நோயை மனநல மருத்துவன் சரவணன் கண்டுபிடிக்கிறான். யாரிடம் சொல்கிறான்? அவள் கணவன் செந்திலிடம். அவன் நம்பவில்லை என்றதும், கடைக்குக் கிளம்பும் அவளைப் போகவிடாமல் தடுத்துச் சீண்டச் சொல்கிறான். ஜோதிகாவின் கண்கள் மாறும் அந்தக் காட்சியைத்தான் இத்தனை ஆண்டுகளாக நடித்துக்காட்டிச் சிரிக்கிறோம். நோயாளியின் துயரத்தைத் தூண்டிவிட்டு இன்னொருவருக்கு நிரூபித்துக் காட்டுவதை எந்த மருத்துவ அறமும் ஏற்காது. கடைசியில் மந்திரவாதியின் துணையோடு வேட்டையனின் பொம்மையை எரிக்கவைத்து அவளைக் ‘குணப்படுத்துகிறார்கள்’. உனக்கு இப்படி இருக்கிறது, இப்படிச் செய்யலாமா என்று கங்காவிடம் கேட்டவர் ஒருவருமில்லை. மருத்துவன் கணவனின் நண்பன். அவளுக்கு நண்பர் என்று யாரும் அந்தக் கதையில் இல்லை.

இதைத் திரைக்கதையின் வசதி என்று தள்ளிவிட முடியாது. மாமியார் அழைத்துவந்து, கணவர் பேசி, நடுவில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் மருமகளை நம் மருத்துவமனைகளின் காத்திருப்பு நாற்காலிகளில் இன்றும் பார்க்கலாம். “இவளுக்குக் கோபம் அதிகம் டாக்டர், கொஞ்சம் சொல்லிப் புரியவையுங்க” என்பதுதான் அங்கே நோய்க்குறிப்பு.

உண்மையான முதல் அமர்வு இவ்வளவு பரபரப்பானதல்ல. சலிப்பூட்டும் என்றுகூடச் சொல்வேன். பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். தூக்கம், பசி, மாதவிடாய், வேலை, குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிக்கல் இருந்ததா, ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறீர்களா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று கேள்விகள் வரும். கடைசிக் கேள்வி எல்லோரிடமும் கேட்பதுதான். உங்களை மட்டும் பார்த்துக் கேட்டதாக எண்ணிக் கலங்க வேண்டாம். அழுகை வரலாம். வராமலும் போகலாம். எல்லாவற்றையும் அன்றே சொல்லியாக வேண்டியதில்லை. “இதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை” என்பதும் ஒரு பதில்தான். உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். அது மனநல மருத்துவரின் வேலை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லும்படி நீங்கள் கேட்கலாம். நல்ல உளவியலாளர் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுவார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. கட்டணம் கட்டுபவர் கணவர் என்பதால் அந்த உரிமை அவருக்குக் கைமாறிவிடாது. எல்லைகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாகிறது என்று தெரிந்தால், அவர் வெளியே சொல்லியாக வேண்டிவரும். இந்த எல்லைகளை முதல் நாளே உங்களிடம் விளக்கிவிட வேண்டும்.

கௌரி ஷிண்டேயின் ‘டியர் ஜிந்தகி’ (2016) இங்கே ஒரு தாவல். கைரா யாரும் கூட்டிப்போகாமல் தானே தேடிப்போகிறாள். ஆனால் ஜஹாங்கீர் கானாக வரும் ஷாருக்கான் அவளைக் கோவா கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போகிறார், நிறையப் பேசுகிறார், அழகான உவமைகளாக உதிர்க்கிறார். இதைப் பார்த்துவிட்டுப் போகும் பெண், எதிரில் இருப்பவர் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏமாந்துதான் போவாள். அறிவுள்ள ஆண் வந்து வழிகாட்டினால்தான் பெண் தெளிவடைவாள் என்ற பழைய ஏற்பாட்டிலிருந்து இந்தப் படமும் முழுதாக வெளியேறவில்லை. ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருக்கிறார்கள். தன்மேல் அவளுக்கு ஈர்ப்பு வந்ததை அவர் இழிவாக்கவுமில்லை, பயன்படுத்திக்கொள்ளவுமில்லை. சிகிச்சை முடிந்ததும் உறவை முடித்துக்கொள்கிறார்.

இரண்டு படங்களும் தொடாத சிக்கல் ஒன்று உண்டு. உளவியலாளரும் இதே சாதி, இதே குடும்ப ஒழுங்கிலிருந்து வந்தவர்தான். அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்லும்போது “நீங்கள் என்ன பேசினீர்கள், அவர் அடிப்பதற்கு முன்?” என்று கேட்பவரும், சாதி மறுத்து மணம் செய்தவளிடம் “அப்பா அம்மா மனசு எவ்வளவு நொந்திருக்கும்” என்பவரும் பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். முதல் மணி நேரத்திலேயே அறிவுரை கிடைத்தால், அதுவும் ‘அனுசரித்துப் போ’ என்ற அறிவுரை என்றால், இரண்டாவது அமர்வுக்குப் போகாதீர்கள். வேறொருவரைத் தேடுவது உங்கள் நோயின் அறிகுறி அல்ல. தனியாரிடம் கட்டணம் கட்ட முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸைக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழில் பேசலாம். அங்கேயும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நான் சொல்வது யார் யாருக்குத் தெரியும்?