வதைஞனின் பழஞ்சொற்கள்

புரியவில்லை, ஆகவே உயர்ந்தது என்று கைகூப்புவர் ஒரு சாரார். புரியவில்லை, ஆகவே மக்களுக்கு வேண்டாதது என்று மூடிவைப்பர் மறு சாரார். முன்னவரைப் பண்டிதர் என்கிறோம். பின்னவரோ நம் தோழர்களுக்குள்ளேயே இருக்கின்றனர். சொல்லைத் திறந்து உள்ளே இருப்பது யாதெனப் பார்க்கும் உழைப்பை இருவருமே ஏற்பதில்லை. அவ்வுழைப்பு இன்றேல் ஒரு பக்கமும் நகர மறுக்கும் நூற்றொடர் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜீன் உல்ஃப் எழுதிய 'தி புக் ஆஃப் த நியூ சன்' அது. 'புதிய ஞாயிற்றின் நூல்' எனலாம். 1980 முதல் 1983 வரை ஆண்டுக்கொன்றாக நான்கு பாகங்கள் வெளிவந்தன. எழுதியவர் கொரியப் போரில் பணியாற்றியவர், தொழிலால் பொறியாளர், கத்தோலிக்க சமயத்தைத் தாமே தேர்ந்து தழுவியவர், 2019இல் மறைந்தார். போரும் பொறியும் சமயமும் மூன்றுமே கதைக்குள் தடம் பதித்துள்ளன.

நெடுந்தொலைவிலுள்ள எதிர்காலம். ஞாயிறு ஒளி குன்றி மங்கிக்கொண்டிருக்கிறது. நெஸ்ஸஸ் எனும் மாநகரில் வதைஞர் குழு ஒன்று. அதில் வளர்ந்த செவேரியன் தன் வரலாற்றைத் தானே உரைக்கிறான். தொடங்கிய சிறிது நேரத்திலேயே கால் இடறும்: லிக்டர், ஆட்டார்க், கார்னிஃபெக்ஸ், ஃபுலிஜின்! ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அகராதியைத் தேடி ஓட வேண்டும். ஆங்கிலப் பாடம் நடத்திப் பிழைக்கும் எனக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி என்பதை மறைப்பானேன்? இந்நூலின் முன் இலண்டன்காரரும் நாமும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம்!

இவை வாய்க்கு வந்தபடி புனைந்த சொற்கள் அல்ல. பழைய ஏடுகளில் உறங்கிய சொற்களையே எடுத்தாண்டதாக 1982இல் வெளியிட்ட 'தி காஸில் ஆஃப் தி ஆட்டர்' எனும் நூலில் ஆசிரியரே விளக்குகிறார். முதற்பாகத்தின் பின்னிணைப்போ வேறு கதை சொல்லும்: இனிமேல்தான் பிறக்கவிருக்கும் ஒரு மொழியிலிருந்து தாம் பெயர்த்ததாகவும், ஈடான சொல் கிட்டாத இடத்தில் நெருங்கிய பழஞ்சொல்லை வைத்ததாகவும் கூறும். விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டுக்குள் பெரியதொரு வேலை நடக்கிறது.

வதைஞர் குழுவின் முறையான பெயரைக் கேளுங்கள்: உண்மையையும் கழுவாயையும் நாடுவோர் சங்கம்! அதற்கொரு புனிதை உண்டு. அவளுக்குத் திருநாளும் உண்டு. சிறைப்பட்டோர் அங்கே கைதிகள் அல்லர், 'கிளையண்ட்'கள். வழக்கறிஞர் தம் கட்சிக்காரரைச் சுட்டும் அதே சொல். அதன் இலத்தீன் வேரைத் தோண்டினால், பெரிய வீட்டை அண்டிப் பிழைக்கும் எளியவன் வெளிப்படுவான். மேலங்கியின் நிறம் ஃபுலிஜின், புகைக்கரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது, கருமையினும் கரியதாம். தலை வெட்டுபவன் கார்னிஃபெக்ஸ். ஓசையில் எத்துணை மிடுக்கு! பிரித்துப் பாருங்கள், இறைச்சி ஆக்குபவன் என்று நிற்கும். இக்குழுவுக்குச் சிறுவர் எங்கிருந்து வருகின்றனர்? தன் கையில் சிக்கியோரின் பிள்ளைகளையே அது எடுத்து வளர்க்கிறது. தாயை வதைத்த கூடத்தில் மகன் தொழில் பழகுகிறான். அதற்குப் பெயர் மரபு!

தெக்லா எனும் உயர்குடிப் பெண்ணைக் கொண்டுவருகின்றனர். கிளர்ச்சித் தலைவன் வொடாலஸின் துணைவிக்கு அவள் சகோதரி முறை, அதுவே குற்றம். தன் உடலே தனக்குப் பகையாகி, தன் கைகளே தன்னைக் கிழிக்க எழும்படி செய்யும் பொறிக்கு அவளை உட்படுத்துகின்றனர். அப்பொறியின் பெயர் 'புரட்சியாளன்'. ஆம், தோழர்களே! ஆள்வோர் நம் சொல்லையும் பறித்துத் தம் கருவிக்குச் சூட்டியிருக்கின்றனர். அவளை விரும்பிய செவேரியன், தன்னை மாய்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு கத்தி கொடுக்கிறான். வதைத்தது கடமை, வதையிலிருந்து விடுவித்தது துரோகம் என்று குழு அவனை நாடுகடத்துகிறது. இதை எளிய நடையில் எழுதியிருந்தால் முதற்பக்கத்திலேயே கொடுமை என்று கூவியிருப்போம். பழஞ்சொல்லின் மணம் நம்மைத் தாலாட்டுகிறது. நூறு பக்கம் கடந்தபின்தான், யார் வீட்டில் விருந்தினராய் இருக்கிறோம் என்பது உறைக்கிறது.

இன்னொரு காட்சி. கோட்டையில் பழைய ஓவியங்களைத் துடைக்கும் முதியவன் ஒருவன். ஓர் ஓவியத்தில் கவசம் அணிந்த வீரன், முகம் தெரியவில்லை, முகமூடி பொன்னாய் மின்னுகிறது, சுற்றிலும் பாழ்நிலம், கையருகே காற்றில் அசையாமல் விறைத்து நிற்கும் கொடி. செவேரியனுக்கு அவன் ஏதோ பழங்காலப் போர்வீரன். 1969இல் திங்களில் மனிதன் கால் பதித்த படத்தைக் கண்ட நமக்கு அவன் யாரென்று தெரியும். வதைஞர் குடியிருக்கும் கோபுரமும் ஒரு காலத்தில் விண்கலமே. குடியிருப்போர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. அறிவு மாண்டபின் அதன் எலும்புக்கூடு மாளிகையாகிவிடுகிறது! ஒவ்வொரு சொல்லையும் ஐயுற்றுத் தட்டிப் பார்ப்பவனுக்குத்தான் விண்கலம் தென்படும். சொல்லின் பழமையை வணங்கினால் கோபுரம் கோபுரமாகவே நிற்கும். இந்நடை கடினமாக இருப்பதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டுமா?

ஆயினும், ஆசிரியரை இறுதிவரை தொடர என்னால் இயலவில்லை. முன்னொரு காலத்தில் தோன்றிய மீட்பனின் 'நகம்' எனப்படும் மணி ஒன்று செவேரியன் கைக்கு வருகிறது. நோயைத் தீர்க்கிறது, மாண்டோரையும் எழுப்புகிறது. மூன்றாம் பாகத்தின் முடிவில் அது உடைகிறது. உள்ளே இருந்தது ஒரு முள்! அப்பாடா, மூடநம்பிக்கையின் மண்டை உடைந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்காம் பாகத்தில் கடற்கரையில் அதுபோன்ற முள்ளொன்று அவனைத் தைக்கிறது. எல்லா முள்ளும் புனிதம், மிதிக்கும் மணலும் புனிதம் என்று முடிவுகட்டி அவன் செருப்பைக் கழற்றுகிறான். ஒரு கல்லிலிருந்து விடுபட்டவனை உலகத்துக் கற்கள் அனைத்தின் முன்னும் மண்டியிட வைத்துவிட்டார் ஆசிரியர். அதுவும் போதாதென்று வதைஞன் அரியணை ஏறுகிறான், அணையும் ஞாயிற்றுக்கு உயிரூட்ட வந்த மீட்பனும் ஆகிறான். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, ஒன்றும் மறப்பதில்லை என்று அவன் அடிக்கடி சொல்வதையும், அரசனான பின்பே இதை எழுதுகிறான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சொற்களை ஐயுற நமக்குக் கற்பித்த நூல், அச்சொற்களை உரைப்பவனையும் ஐயுறும் உரிமையைத் தடுக்க இயலாது.

நான்காம் பாகத்தில் நம் இளைஞர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. வடக்கேயுள்ள பகைநாட்டார் அசியர். அரசு ஒப்பிய நூல்களின் வாசகங்களை அன்றி வேறெதையும் அவர்கள் பேசார். காயமுற்றுச் சிறைப்பட்ட அசியன் ஒருவன், மருத்துவக் கூடாரத்தில் கதை சொல்லப் புகுகிறான். வாய் திறந்தால் வருவது அரசின் முழக்கமே. ஆனால் அம்முழக்கங்களையே அடுக்கி, உழைத்தும் ஏமாற்றப்பட்ட ஒருவன் நீதி கேட்டு மீண்டும் மீண்டும் தலைநகர் சென்று அடிபட்ட கதையைச் சொல்லிவிடுகிறான்! அருகில் கிடக்கும் ஃபொய்லா எனும் போர்வீராங்கனை வரிக்கு வரி பொருள் கூறுகிறாள். பழஞ்சொல்லால் கொடுமையை மூடும் நாடும் இந்நூலில் உண்டு, ஒப்பிய சொல்லுக்குள் மக்களைப் பூட்டும் நாடும் உண்டு. எனக்கு எழுந்த ஐயம் வேறு: அவன் கூறியது அக்கதைதானா, அல்லது ஃபொய்லாவின் நெஞ்சில் இருந்த கதையா? அசியனின் வாசகங்களை மட்டும் தனியே எழுதிவைத்துக்கொண்டு, அவள் சொன்னதை மறைத்துவிட்டு, ஒருமுறை படித்துப் பாருங்கள்.