கோல் விழாத மாலை

சென்னை நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்தத் திடலாகக் கொண்டு 2014-இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்சி, 2015-இலும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்று, அடுத்த பருவத்திலேயே 10 அணிகளில் கடைசியாக நின்ற கால்பந்துக் கழகம் என்பதை அறிந்தால்தான் அதன் ரசிகர்களின் பொறுமை எத்தகையது என்பது விளங்கும். வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமனுக்கு 1 புள்ளியும் தரும் லீக் முறையில், வெளியூர் அணி தன் வீரர்களைக் கோலுக்கு முன்னே நெருக்கமாக நிறுத்தி அந்த ஒற்றைப் புள்ளியைக் காக்க முனையும்போது, சொந்த அணி பந்தைத் தன்வசம் வைத்திருந்தும் இடைவெளி காணாமல் பக்கவாட்டிலேயே கடத்திக்கொண்டிருக்கும். எதிரணியினர் மீது பட்டு இறுதிக்கோட்டைக் கடந்த பந்தை மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் வாய்ப்பு கிடைத்ததும் ஓடுதளத்துக்கு அப்பாலுள்ள இருக்கைகளிலிருந்து அனைவரும் எழுவதும், பந்து கோல்காப்பாளரின் கைக்குப் போனதும் தலையில் கைவைத்து அமர்வதும், வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் சேர்க்கும் கூடுதல் நிமிடங்கள் வரை தொடர்கின்றன. பி ஸ்டாண்ட் புளூஸ் போன்ற ரசிகர் குழுக்களின் முழக்கமோ ஓய்வதில்லை. வெற்றியைக் கொண்டாடுதல் எவர்க்கும் எளிது. கழகப் பற்றின் அருமை இத்தகைய ஆட்டங்களில்தான் துலங்குகிறது, ஏனெனில் ஏமாற்றத்துக்குப் பின்னும் அடுத்த ஆட்டத்துக்கு அதே நீலச் சட்டையில் வருபவர்களே அணியைத் தாங்கி நிற்கின்றனர்.