புகழ் பெறாப் புத்திசாலி

சிறுவர் விரும்பிப் பார்க்கும் சித்திரத் தொடர்களை ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கருதுவோர் நம்மிடையே சிலரே. 'பிள்ளைகள் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், முன்பு பாட்டிமார் கதை சொன்ன மாலை நேரத்தை இன்று திரை எடுத்துக்கொண்டுவிட்டது. கதை எவ்வழியாக வந்தாலும், எது நேர்மை, யாருக்குப் புகழ் உரியது என்பன பற்றிய ஓர் எண்ணத்தைப் பிள்ளையின் உள்ளத்தில் விதைத்தே செல்கிறது. ஆதலின் அதனைத் திறனாயும் கடமை தமிழாசிரியர்க்கும் உண்டு. இந்நோக்குடன், 'இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' என்னும் தொடரில் வரும் பிரெய்ன் என்ற நாயின் பாத்திரப் படைப்பை ஈண்டு ஆராய்வோம்.

பிரான்சு நாட்டில் தோன்றிய டிக் நிறுவனத்தின் பெயரால் 1983ஆம் ஆண்டு இத்தொடர் வெளிவரத் தொடங்கியது. ழான் ஷலோப்பன், புரூனோ பியாங்கி, ஆண்டி ஹேவர்ட் ஆகியோர் இதனைப் படைத்தோர். 1986 வரையில் 86 பகுதிகள் வெளிவந்தன. கதையின் தலைவன் கேட்ஜெட் ஒரு துப்பறிவாளன். அவன் உடலெங்கும் கருவிகள். தொப்பியினின்று பறக்கும் விசிறி எழும்; கால்கள் சுருள்வில்லாய் நீளும்; கைகள் எட்டாத இடத்தையும் எட்டும். இத்தனை இருந்தும் அறிவு மட்டும் இல்லை. பகைவனை நண்பன் என்பான். நண்பனைப் பகைவன் என்பான். அவனோடு வாழும் அண்ணன் மகள்போன்ற சிறுமி பென்னியும், அவளுடைய நாய் பிரெய்னுமே வழக்குகளைத் துலக்குகின்றனர். புகழோ, பகுதிதோறும் கேட்ஜெட்டுக்கே போய்ச் சேர்கிறது.

பெயர்களிலேயே கதையின் கரு அடங்கியிருக்கிறது. கேட்ஜெட் என்றால் கருவி. பிரெய்ன் என்றால் மூளை. கருவி நிறைந்த மனிதனிடம் மூளை இல்லை. மூளை நிறைந்த நாயிடம் பதவி இல்லை. இந்த ஒரு முரணே 86 பகுதிகளையும் தாங்கி நிற்கிறது எனலாம்.

இனி, பிரெய்ன் ஆற்றும் தொண்டு எத்தகையது என்று நோக்குவோம். புத்தக வடிவிலுள்ள கணினியைக் கொண்டு பென்னி துப்புத் துலக்குவாள். பிரெய்னோ கேட்ஜெட்டைப் பின்தொடர்ந்து சென்று, அவனுடைய உயிருக்கு நேரும் இடர்களை நீக்கும். அதன் கழுத்துப்பட்டையில் ஒரு சிறு திரை உண்டு. பென்னியின் கைக்கடிகாரத்தோடு அதன்வழித் தொடர்பு கொள்ளும். வேண்டுமிடத்து மாறுவேடம் பூணும். பணியாளாகவும், வழிப்போக்கனாகவும், அவ்வவ்விடத்துக்கு ஏற்ற ஆளாகவும் இரண்டு கால்களில் நின்று நடிக்கும். பென்னி பகைவர் கையில் சிக்கினால், அவளை மீட்பதும் பெரும்பாலும் அதன் பொறுப்பே.

இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது, பிரெய்ன் மனிதரைப்போல் பேசுவதில்லை என்பதாகும். சொல்லாகாத ஒருவகை முணுமுணுப்பும், கை கால் அசைவும், முகக்குறிப்புமே அதன் மொழி. பஞ்சதந்திர விலங்குகளை நம் மாணவர் அறிவர். சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று, நீரில் தெரிந்த நிழலைக் காட்டி வீழ்த்திய முயல், பேச்சினாலேயே வென்றது. பேசும் விலங்கின் அறிவு அக்கதையுலகில் மறைந்து கிடப்பதில்லை. அதன் வெற்றியும் அதற்கே உரியதாகிறது.

அதே கதைமரபில் பேசாத விலங்கு ஒன்றும் உண்டு. அதுவே கீரிப்பிள்ளை. தொட்டிலில் கிடந்த குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கொன்று, குருதி தோய்ந்த வாயோடு வாயிலில் நின்றது அக்கீரி. குழந்தையையே கொன்றுவிட்டதென எண்ணி, வீட்டார் அதனைக் கொன்றனர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இக்கதையின் தொடர்ச்சியைக் காண்கிறோம். கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் நீங்கிச் செல்ல, கோவலன் பொருள் ஈந்து அவள் துயர் துடைத்த செய்தியை மாடலன் எடுத்துரைக்கிறான். மேலை நாட்டிலும் இக்கதை வழங்குகிறது. வேல்சு நாட்டு இளவரசன் லெவெலின், தன் குழந்தையை ஓநாயிடமிருந்து காத்த கெலர்ட் என்னும் வேட்டை நாயைத் தவறாக எண்ணிக் கொன்றான் என்பது அந்நாட்டு வழக்கு. பெத்கெலர்ட் என்னும் ஊரின் பெயரோடு அக்கதை இணைந்து நிற்கிறது.

பிரெய்ன் இவ்விரு வகைக்கும் நடுவில் நிற்கிறது. அறிவில் அது பேசும் முயலுக்கு நிகர். நிலையில் பேசாத கீரிக்கு நிகர். மாறுவேடத்தில் தன்னைக் காக்க வந்த பிரெய்னையே, 'மேட்' என்னும் கொடியோர் கூட்டத்தின் ஆள் என்று கேட்ஜெட் எண்ணித் துரத்துகிறான். உண்மையான கொடியோரையோ நல்லவர் என நம்பி உடன் செல்கிறான். காத்தவனையே பகைவன் எனக் கருதும் அப்பழைய அவலம், இங்கே நகைச்சுவையாக உருமாறியிருக்கிறது. அன்று கண்ணீரை வரவழைத்த நிகழ்ச்சி, இன்று சிரிப்பை வரவழைக்கிறது.

சிரிப்பு எங்ஙனம் பிறக்கிறது? உண்மை நமக்குத் தெரியும் என்பதனாலே பிறக்கிறது. கேட்ஜெட் அறியான், அவனுடைய மேலதிகாரி குவிம்பி அறியார், பார்க்கும் பிள்ளை அறிவான். நாயின் தொண்டுக்குச் சாட்சியாகும் பொறுப்பைப் படைப்பாளர் பிள்ளையிடமே ஒப்படைத்துவிட்டனர். கதையுலகம் கொடுக்கத் தவறிய புகழைப் பிள்ளையின் உள்ளம் கொடுக்கிறது. தொடரின் தலையாய சிறப்பு இதுவே என்பது என் கருத்து.

கொடியோர் தலைவனான டாக்டர் கிளாவின் முகம் தொடரில் காட்டப்படுவதில்லை. கையுறை அணிந்த கையும், மடியருகே ஒரு பூனையும் மட்டுமே தெரியும். வேலை எதுவும் செய்யாத பூனை தலைவன் அருகிலேயே இருக்கிறது. எல்லா வேலையும் செய்யும் நாய் தலைவனால் துரத்தப்படுகிறது. பெரும்பாலான பகுதிகளில் கிளாவுக்கும் பிரெய்னுக்கும் குரல் கொடுத்தவர் பிராங்க் வெல்க்கர் என்னும் ஒருவரே. கேட்ஜெட்டுக்குக் குரல் கொடுத்தவர் டான் ஆடம்ஸ். 1999இல் வெளிவந்த திரைப்படத்தில் நாய்க்குப் பேச்சு வந்தபோது, அதற்குக் குரல் தந்தவரும் அதே டான் ஆடம்ஸே. தலைவனின் குரல் இறுதியில் தொண்டனுக்குக் கிடைத்தது!

இனிக் குறைகளைக் கூறுவோம். நாய்க்குப் பேச இயலாது, பென்னிக்கு இயலுமே! அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சிற்றப்பன்மேல் கொண்ட அன்பினால் என்று விடை கூறலாம். வீட்டிலுள்ள முதியவரின் தடுமாற்றத்தை இளையோர் மறைத்துத் தாங்குதல் நம் குடும்பங்களிலும் காணும் பண்பே. அதனைக் குறை கூறேன். ஆனால் கேட்ஜெட்டின் வேலை வீட்டு வேலையன்று; ஊரைக் காக்கும் பொதுப் பணி. இன்னாரால் இச்செயல் முடியும் என்று ஆராய்ந்து, அதனை அவரிடம் விடுதலைத் திருவள்ளுவர் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். குவிம்பி அவ்வாறு ஆராய்பவர் அல்லர். தாம் கொண்டுவரும் செய்தித்தாள் தம்மேலேயே வெடிப்பதைப் பகுதிதோறும் பட்டுணர்ந்தும், முடிவை மட்டும் பார்த்து அவர் பாராட்டுகிறார். அன்பினால் மறைத்த பென்னி பிழை செய்தவள் அல்லள்; பதவியில் இருந்தும் விசாரியாத குவிம்பியே பிழை செய்தவர்.

மற்றொரு குறை, தொடரின் அமைப்பிலேயே உள்ளது. கீரிக் கதையில் கொன்றவர் உண்மை அறிந்து நெஞ்சு வெடித்து அழுகின்றனர். அவ்வறிவே கதையின் பயன். இங்கோ கேட்ஜெட் ஒருநாளும் உண்மையை அறிவதில்லை. அறிந்துவிட்டால் மறுவாரம் கதை இல்லை. தொடர் நீள்வதற்காக நீதி நிறுத்திவைக்கப்படுகிறது. அதற்கும் மேலாக, பகுதியின் முடிவில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அறிவுரை ஒன்று வழங்கப்படும். வழங்குபவன் யார்? அன்று முழுதும் எதையும் அறியாது திரிந்த கேட்ஜெட்டே! அறிவுரை நல்லதுதான். எனினும், அறிவுரை கூறும் உரிமை பதவிக்கே உரியது, அறிவுக்கு உரியதன்று என்ற எண்ணத்தையும் அது கூடவே ஊட்டுகிறது.

இது சிறு செய்தியன்று. நம் வகுப்பறைகளிலும் பிரெய்ன்கள் இருக்கின்றனர். குழுவேலையில் எழுதுவது ஒரு பிள்ளை. எழுந்து நின்று படித்துக் காட்டிக் கைதட்டல் பெறுவது இன்னொரு பிள்ளை. வாய்ப்பேச்சு வன்மையற்ற பிள்ளை, தன் உழைப்பைத் தானே எடுத்துச் சொல்லாது. விசாரியாத ஆசிரியர் குவிம்பி ஆகிவிடுகிறார். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்குப் பெயர்ப்பட்டியலில் கையொப்பமிடும் தலைமையாசிரியன் என்ற முறையில், இதனை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆதலின் இத்தொடரைப் பிள்ளைகள் பார்க்கலாகாது என்று கூறேன். பார்த்த பின் கேட்கவேண்டிய வினாவை ஆசிரியர் கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு பகுதியைக் காட்டிய பின், குவிம்பிக்கு அந்நாய் எழுதும் அறிக்கையாக ஒரு கட்டுரை எழுதச் செய்யலாம். நடந்ததை வரிசையாகச் சொல்லும் பயிற்சியும், தன்மைக் கூற்றில் எழுதும் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கும். நான்காம் ஆண்டு மாணவர்க்கு இப்பயிற்சியைக் கொடுத்தபோது, ஒரு சிறுமி எழுதிய அறிக்கையின் இறுதியில், 'என் பெயரைச் சொல்ல வேண்டாம். பென்னியின் பெயரைச் சொல்லுங்கள்' என்றிருந்தது. நாயின் இயல்பை அவள் என்னினும் நன்கு உணர்ந்திருந்தாள்.

புகழை வேண்டாமை தொண்டனின் பெருமை. அதனைக் காரணமாகக் கொண்டு புகழைக் கொடாதிருத்தல் தலைவனின் சிறுமை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளைப் பழக்குவோமாயின், இந்தச் சித்திர நாயின் தொண்டு நம் பள்ளிகளிலும் தொடரும்.