கூரையை அளந்தால் வருமானம் தெரியாது

சொத்து வரி கூடும்போதெல்லாம் ஒரே சமாதானம் சொல்லப்படுகிறது: சின்ன வீட்டுக்குச் சின்ன உயர்வுதான், ஏழைக்குப் பாதிப்பில்லை. 2022 ஏப்ரலில் தமிழக அரசு வரியை மாற்றியமைத்தபோதும் இதைத்தான் கேட்டோம். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வு படிப்படியாக வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் மும்பையில் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரியே கிடையாது என்று மகாராஷ்டிர அரசு அறிவித்தது. 2023இல் கேரளம் 60 சதுர மீட்டர் வரை விலக்கு தந்தது. இப்போது இங்கேயும் அப்படி ஒரு விலக்கு வந்துவிட்டால் ஏழைகளின் வரிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு தவறு. வீட்டை அளந்து கொடுக்கும் சலுகை வீட்டுக்குத்தான் போய்ச் சேருமே தவிர, உள்ளே இருப்பவருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சதுர அடிக் கணக்கில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. மனு எழுத வேண்டாம், வருமானச் சான்று வாங்க வேண்டாம், கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்துக்காக நாலு முறை நடக்க வேண்டாம். வரியை உயர்த்தியதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. உள்ளாட்சிகள் சொந்த வருவாயைப் பெருக்கினால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் குப்பை அள்ளவும் காசு வேண்டும். இருப்பவர் கட்டத்தான் வேண்டும். இல்லாதவர் யார் என்று கண்டுபிடிக்க நாம் கையில் எடுத்திருக்கும் அளவுகோலில்தான் எனக்குச் சண்டை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள படாளத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். கிராம ஊராட்சிகளில் வீட்டு வரி பெரும்பாலும் மேற்கூரையைப் பார்த்து வருகிறது: கூரை வீட்டுக்கு ஒரு விகிதம், ஓட்டு வீட்டுக்கு ஒன்று, தளம் போட்ட வீட்டுக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று. கீற்று வேய்ந்தவன் ஏழை, தளம் போட்டவன் வசதியானவன் என்பது ஒரு காலத்தில் ஏறக்குறைய உண்மை. அந்த உண்மையை அரசே மாற்றிவிட்டது. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடிக்குக் கலைஞரின் கனவு இல்லம் என்று குடிசைகளைத் தளம் போட்ட வீடுகளாக மாற்றும் வேலை பதினைந்து ஆண்டுகளாக நடக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலும் சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களுக்குக் கான்கிரீட் வீடுகள் கட்டித் தரப்பட்டன. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் தலைக்கு மேல் தளம் வந்ததால் கூலி கூடவில்லை. வலையில் மீனும் கூடுதலாக விழவில்லை. ஏழை என்பதற்காக அரசு கட்டிக் கொடுத்த தளமே வரிப் பதிவேட்டில் அவர் ஏழையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கு நிறைவேறும் நாளில், மேற்கூரையைப் பார்த்து ஏழையைக் கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரு வேலையும் மிச்சம் இருக்காது.

பரப்பளவின் கதையும் இதேதான். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அதை நம்பிய கரும்பு ஊர்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீடுகளை இன்னும் பார்க்கலாம். பாட்டன் காலத்தில் கூட்டுக் குடும்பத்துக்குக் கட்டியது. இப்போது ஒரு பின்கட்டில் வயதான விதவை ஒருத்தி மட்டும் இருப்பாள். ஆயிரம் சதுர அடி அவள் பேரில் இருக்கும். ஓடு மாற்றக் கையில் பணம் இருக்காது. அந்த ஊர் நாளை ஒரு நகராட்சியோடு இணைந்தால் அவள் இரண்டாவது படியில் நிற்பாள். சென்னைக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் போனால் நேர்மாறான காட்சி. ஒரே ஆள் வரிசையாக லைன் வீடுகள் கட்டி, ஒவ்வொன்றையும் 250, 300 சதுர அடியில் பிரித்து வாடகைக்கு விட்டிருப்பார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரி விதிப்பு எண் வாங்கிவிட்டால் எல்லாமே ‘சிறிய வீடு’. விலக்கு வந்தால் அது வீட்டுக்காரருக்குப் போகும். வாடகைக்கு இருக்கும் தொழிலாளிக்கு அதில் பத்து ரூபாய் குறையுமா? கேரளம் ஒருவருக்கு ஒரு வீடு என்று நிபந்தனை வைத்தது இந்த ஓட்டையை உணர்ந்துதான். மும்பையில் 500 சதுர அடிக்கே விலை கோடிகளில் போகும் பகுதிகள் உண்டு. அங்கே இருப்பவருக்கும் அதே விலக்குதான்.

இதைவிட என்னை வருத்துவது காலப்போக்கில் நடக்கப்போவது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர விதி வந்துவிட்டது. ஆறு சதவீதம் கேட்பதற்குச் சிறியது. பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகிவிடும். முதியோர் உதவித்தொகை 2011இல் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அதாவது பன்னிரண்டு ஆண்டில் 20 சதவீதம். வரி இரட்டிப்பாகும் காலத்தில் அதைக் கட்ட வேண்டியவரின் வருமானம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. எத்தனை படிகள் வைத்துப் பிரித்தாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது, ஏனென்றால் படிகள் எல்லாம் கட்டடத்தைப் பார்க்கின்றன. இருக்கிற சலுகைகளும் தலைகீழாகத்தான் நிற்கின்றன. அரையாண்டின் முதல் 30 நாளில் வரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்த 5,000 முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் அரையாண்டு வரியே ஒரு லட்சம் இருக்க வேண்டும். 600 ரூபாய் கட்டுபவருக்குக் கிடைப்பது 30 ரூபாய், அதுவும் ஏப்ரலில் கையில் பணம் இருந்தால். இல்லாவிட்டால் தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. பணம் இருப்பவருக்குப் பரிசு, இல்லாதவருக்கு வட்டி: வரி கட்டும் மனிதரின் நிலைமையைப் பார்த்து இந்த முறை வைத்திருக்கும் ஏற்பாடு இவ்வளவுதான். கட்டவே முடியாது என்று ஒருவர் வந்து நின்றால், எனக்குத் தெரிந்து அவர் நீட்டுவதற்கு ஒரு மனுப் படிவம்கூடக் கிடையாது. வசூலிக்க முடியாமல் போன நிலுவையைத் தள்ளுபடி செய்வது வேறு. அது அலுவலகம் தன் கணக்கைச் சுத்தம் செய்து கொள்வது, வரி கட்டுபவரின் உரிமை ஆகாது.

வருமானத்தைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் ஆகாத காரியம் என்பது வழக்கமான மறுப்பு. இந்த மறுப்பைத் தமிழக அரசே பொய்யாக்கிவிட்டது. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகக் கூடாது என்றெல்லாம் சலித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகைப் பட்டியல்கள் உண்டு. அந்தியோதயா ரேஷன் அட்டை உண்டு. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போது யார் ஏழை என்று அரசுக்குத் தெரிகிறது. அதே வீட்டில் வரி வாங்கும்போது மட்டும் தெரியாமல் போவது எப்படி? இந்தப் பட்டியல்களில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. விடுபட்டவர் ஏராளம், அவர்களுக்காக ஒரு மனு வழி கட்டாயம் வேண்டும். ஆனால் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர் மறுபடி வரிசையில் நிற்காமல் வரியில் கழிவு பெறலாம். சதுர அடிக் கணக்கின் ஒரே சிறப்பு என்று முன்பு ஒப்புக்கொண்டேனே, அது இங்கேயும் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு, கிராமத்து வீட்டு வரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்பது. தொகை சிறியதுதான். ஆனால் அது நிலுவையில் விழுந்தால் நின்றுபோவது ரசீது. பெயர், கதவு எண், வரி விதிப்பு எண், நிலுவை, நடப்பு, நூலக வரி என்று கட்டம் போட்ட அந்தத் துண்டுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருப்பார்கள். பட்டா இல்லாமல் புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்கு, இந்த வீட்டில் நான் இருக்கிறேன் என்று காட்ட அதைத் தவிர வேறு தாளே இருக்காது. சட்டப்படி அது உரிமைப் பத்திரம் ஆகாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் மின் இணைப்புக்குப் போனாலும் குடிநீர் இணைப்புக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். மும்பை மாதிரி முழு விலக்கு கேட்பவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. விலக்கு என்ற பெயரில் வீட்டையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால், வரி போகும், கூடவே ரசீதும் போகும். ஹைதராபாத் மாநகராட்சியில் ஆண்டு வரி 1,200 ரூபாய் வரை உள்ள வீடுகளுக்கு 101 ரூபாய் மட்டும் வாங்கும் ஏற்பாடு வந்தது. அதுவும் கட்டடத்தைப் பார்த்துக் கொடுத்த சலுகைதான், அந்த வகையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வீடு பதிவேட்டில் நிற்கிறது, ரசீது கையில் இருக்கிறது என்ற அளவில் அது முழு விலக்கைவிட மேல். இங்கே கழிவு கொடுக்கும்போது முழு வரியையும் ரசீதில் எழுத வேண்டும். கீழே அரசுக் கழிவு இவ்வளவு, கட்ட வேண்டியது இவ்வளவு என்று காட்ட வேண்டும். கட்ட வேண்டியது சுழியமாக இருந்தாலும் ரசீது கொடுக்க வேண்டும்.

கழிவுத் தொகையை யார் தாங்குவது என்பதில்தான் நல்ல திட்டமும் கெட்டுப்போகும். இங்கிலாந்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு உள்ளாட்சி வரியில் உதவ நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் இருந்தது. 2013 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு, அவரவர் திட்டத்தை அவரவரே வகுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளாட்சி மன்றங்களிடம் தள்ளினார்கள். அதற்கான நிதியிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். ஓய்வூதியர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தாயிற்று. வெட்டு முழுவதும் உழைக்கும் வயதில் உள்ள ஏழைகள் மேல் விழுந்தது. அதுவரை ஒன்றும் கட்டாமல் இருந்தவர்களிடம் பல மன்றங்கள் ஒரு பங்காவது கட்டச் சொல்லித் தாக்கீது அனுப்பின. ஏழைகள் அதிகம் இருக்கும் ஊருக்குக் கழிவுச் செலவும் அதிகம், அதைத் தாங்கும் வருவாயோ குறைவு. தமிழகத்திலும் இந்தச் சுமையை ஊராட்சி மேல் வைத்தால், எந்த ஊராட்சி செயலரும் கழிவு கேட்டு வருபவரை வரவேற்க மாட்டார். அது மாநில அரசின் செலவாக இருக்க வேண்டும். கழித்த ஒவ்வொரு ரூபாயும் அதே ஆண்டில் ஊராட்சிக் கணக்குக்கு வர வேண்டும். உதவித்தொகைப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ஊராட்சிகளின் வரிக் கணக்கும் இணையத்துக்கு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த ஏப்ரல் 1க்கு முன் முதல் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். விடுபட்டவர் பெயரை மே 1ஆம் தேதி கிராம சபையில் சேர்க்கலாம். அரசாணை ஒன்றுதான் பாக்கி.