நடப்பதற்கு உடல் வேண்டும்

தமிழ்க் கதைமரபில் தன் போக்கில் நடந்து திரிந்த பெண்கள் உண்டு. ஊர் ஊராகப் போன ஔவை, அதற்கு முன் பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கொடுத்துவிட்டு முதுமையைப் பெற்றுக்கொண்டாள் என்கிறது வாய்வழிக் கதை. காரைக்கால் அம்மையார் அழகைச் சுமந்த உடலை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்தார். கண்ணகி மதுரைத் தெருவில் தனியாக இறங்கியது கணவன் கொலையுண்ட பிறகுதான். பக்தியின் கண்ணுக்கும் கற்பின் கண்ணுக்கும் இவை மேன்மைக் கதைகள். பெண்ணின் கண்ணால் வாசித்தால் மூன்றிலும் ஒரே நிபந்தனை தெரிகிறது. நடக்க வேண்டுமானால் இளமையையோ அழகையோ மணவாழ்வையோ இழந்திருக்க வேண்டும். அவை எல்லாம் உள்ள உடலோடு நடப்பவளுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் ‘ஊர்சுற்றி’.

இந்த நிபந்தனை பழங்கதையோடு முடிந்துவிட்டதா என்பதைப் பார்க்க, நகராட்சிகளும் மாநகராட்சிகளும் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் போடும் திட்டங்களை இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வாசிக்கலாம். சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இது முன்னோடி முயற்சி. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கப்படும் என்றது அந்தக் கொள்கை. 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை, மொத்தப் பயணங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் நடையும் சைக்கிளும், நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் விபத்தில் இறப்பது பூச்சியம் என மூன்று இலக்குகளை வைத்தது. மேம்பாலத்தையே வளர்ச்சி என்று நம்பிய ஊரில் இப்படி எழுதியது சிறிய காரியம் அல்ல. 2018 கடந்துபோய்விட்டது. பூச்சியம் என்ற இலக்கை நாம் எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தகைய திட்டங்களில் வரும் ‘பாதசாரி’ யார்?

பாதசாரி என்ற சொல்லுக்கு ஆண்பால் விகுதியும் இல்லை, பெண்பால் விகுதியும் இல்லை. இலக்கணத்தில் இது நடுநிலை. நடைமுறையில் அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் சுமை இல்லை, இடுப்பில் குழந்தை இல்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறார், மாலையில் நேராகத் திரும்புகிறார். பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்ற வரிசையும் இத்தகைய ஆவணங்களில் வழக்கமாக வரும். அந்த வரிசையில் பெண், பரிவுக்குரிய ‘பிறர்’. அளவுகோல் அவள் அல்ல.

அளவுகோல் எங்கே உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்று கேட்டது. விவசாய வேலையும் வீட்டுத் தொழிலும் செய்வோரை விட்டுவிட்டு, மற்ற வேலைகளில் இருப்போரிடம் மட்டும் அதைக் கேட்டது. ஒரு பெண் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறாள். அங்கிருந்து ரேஷன் கடை, அங்கிருந்து மாவு மில், வழியில் மாமியாருக்கு மாத்திரை, பிறகு வீடு. சம்பளம் இல்லாததால் இது வேலை அல்ல, ஆகவே இந்த நடை கணக்கில் ஏறவில்லை. அவளே வீட்டு வேலைக்குப் போகிறவளாக இருந்தால் மூன்று வீடுகளுக்கு நடுவே நடக்கிறாள். படிவத்திலோ ஒரு தூரத்துக்குத்தான் இடம் உண்டு. நகரத்தின் நடையில் பெரும்பங்கு இப்படித் துண்டு துண்டாக, சுமையோடு, பிறருக்காக நடக்கப்படுவது. எண்ணப்படாத நடைக்கு யாரும் பாதை போடுவதில்லை.

போடப்பட்ட பாதையும் இந்த உடலை அறிந்து போடப்பட்டதாகத் தெரியவில்லை. நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி நெறி சொல்கிறது. நம் தெருக்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதை அறுந்து, முழங்கால் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. சேலை கட்டி, ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாகப் போகிறவள் இரண்டு முறை ஏறிப் பார்த்துவிட்டுச் சாலையிலேயே இறங்கி நடக்கிறாள். நடைபாதை இருந்தும் சனங்கள் பயன்படுத்துவதில்லை என்று பிறகு குறை சொல்கிறோம். உயரமான விளக்குக் கம்பம் வண்டி போகும் நடுச்சாலைக்கு வெளிச்சம் தருகிறது. மர நிழலில் ஒதுங்கிய நடைபாதைக்கு இருட்டுதான் மிச்சம். மாதவிடாய் நாளில் எத்தனை தூரம் நடக்கலாம் என்பதை முடிவு செய்வது கழிப்பறை. அது வேறொரு துறையின் கோப்பில் இருக்கிறது.

நடைபாதை பற்றிய பேச்சில் தவறாமல் வரும் மற்றொரு சொல் ‘ஆக்கிரமிப்பு’. நிறுத்திவைத்த கார், மின்மாற்றிப் பெட்டி, கடைக்காரர் நீட்டிய படிக்கட்டு எல்லாம் இந்தச் சொல்லில் அடங்கும். ஆனால் லாரி வந்து நிற்கும்போது முதலில் தூக்கப்படுவது பூக்காரம்மாவின் கூடைதான். இரவு எட்டரை மணிக்கு ஒரு தெருவில் நுழையலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பெண்ணுக்கு, அங்கே இட்லிக்கடை அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்பதே பதில். காவல் கேமரா அவளுக்கு ஈடாகாது. சாலையோர வியாபாரிகள் சட்டமும் அதே 2014-இல்தான் வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அந்த வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. நடப்பவளையும் விற்பவளையும் பற்றிய இந்த இரண்டு ஆவணங்களையும் ஒன்றாக வைத்து வாசிக்கும் மேசை ஒன்று மாநகராட்சியில் வேண்டும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் அகன்ற நடைவளாகம் திறக்கப்பட்டது. அழகான இடம், நடக்க சுகமாக இருக்கிறது. அந்தத் தெருவின் நடைபாதை வியாபாரிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள் என்பதையும் அதன் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

சைக்கிளின் கதை இன்னும் கூர்மையானது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பதிவு செய்கிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். முன்கம்பியில் குழந்தை உட்காரலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள். குடம், குழந்தை, விளைபொருள் என எல்லாவற்றோடும் ஓட்டினார்கள். உடலைத் துறக்காமல், அதன் சுமைகளோடு தெருவுக்கு வந்தவர்கள் இவர்கள். 2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வந்தது. பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2021-இல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இவற்றின் பயனை எந்தப் பெண்ணியவாதியும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அரசு சைக்கிளைக் கொடுத்தது, அது ஓடும் தடத்தைக் கொடுக்கவில்லை. பயணச்சீட்டைக் கொடுத்தது, நிறுத்தம் வரை போகும் வழியைக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை சைக்கிளில் வந்த பெண்களில் எத்தனை பேர் கல்லூரிக்கும் அதில் வருகிறீர்கள் என்று என் வகுப்பில் கேட்டால், உயரும் கைகள் மிகச் சில. சாலையில் லாரி வரும் என்கிறார்கள். பெரிய பெண் ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள் என்கிறார்கள். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தடம் பாதுகாப்பாக இருந்தால் வீட்டின் வாதத்துக்கு ஒரு கால் உடையும்.

எல்லாருக்குமான பாதையைப் பெண்ணுக்கென்று ஏன் பிரிக்க வேண்டும் என்ற கேள்வி வரும். சுமையும் பிள்ளையுமாக நடப்பவளுக்கு ஏற்ற பாதையில் வெறுங்கையோடு போகிறவரும் நடக்கலாம், மறுதலை நடக்காது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கிடைத்துவிட்டதே என்பார்கள். இடம் கிடைத்தது உண்மை, அது போராடிப் பெற்றது. உறுப்பினர் பெண்ணாக இருந்தும் அளவு நாடாவும் கணக்கெடுப்புப் படிவமும் பழையபடியே இருந்தால், அவர் கையெழுத்திடுவது பழைய வரைபடத்தில்தான்.

ஆகவே படிவத்திலிருந்து தொடங்க வேண்டும். சம்பளமில்லா நடையை எண்ணும் கணக்கெடுப்பு வேண்டும். பள்ளி, ரேஷன் கடை, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை இணைக்கும் குறுந்தெருக்களுக்கு, கடைவீதிக்கு முன்னால், நிதி வேண்டும். விளக்கும் கழிப்பறையும் விற்பவளின் இடமும் நடைபாதையின் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் பகுதிச் சபைகளுக்கு 2022-இல் விதிகள் வந்துவிட்டன. உங்கள் தெருவில் ஒரு காலைப்பொழுது யார் யார், எதைச் சுமந்து, எங்கெங்கே நின்று, எங்கே சாலையில் இறங்கி நடந்தார்கள் என்று எழுதி அந்தச் சபைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு ஒரு நோட்டும் இரண்டு தோழிகளும் போதும்.