ஆயுள் உறுப்பினர் அட்டை

பிசியோதெரபி படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் பலர் முதல் சம்பளம் வாங்கும் முன்பே ஒரு சந்தாவைக் கட்டிவிடுகிறார்கள். இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே யாராவது ஒரு சீனியர் விண்ணப்பத்தை நீட்டிவிடுவார். இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கத்தின் உறுப்பினர் எண் கைக்கு வந்ததும், விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் 'எம்.ஐ.ஏ.பி.' ஏறும், பிறகு கிளினிக் பலகையிலும் ஏறும். படிக்கிற நோயாளிக்கு அது இன்னொரு பட்டம். முழங்கால் வலியோடு வந்தவர் அதன் விரிவாக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போவதில்லை.

இப்படி ஒரு தொழில்முறைச் சங்கத்தில் சேர்வது நல்லதா என்று கேட்டால், சேரலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பணம் கட்டுகிறவர்கள் எதை வாங்குவதாக நினைக்கிறார்களோ அது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. தொழில் செய்ய உரிமம், தொழிலில் தேர்ச்சி, சம்பளத்துக்குப் பாதுகாப்பு என்று மூன்றையும் ஒரே அட்டைக்குள் தேடுகிறார்கள். அட்டை தருவது நடுவில் உள்ளதை மட்டும். அதையும் அரைகுறையாகத்தான் தருகிறது.

உரிமம் என்ற மயக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. சங்கம் 1955-ல் தொடங்கியது. 1967-ல் உலக பிசியோதெரபிக் கூட்டமைப்பில் இடம்பெற்றது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, யார் பிசியோ, யார் இல்லை என்று சொல்லும் தேசியப் பதிவேடு எதையும் அரசு வைத்திருக்கவில்லை. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரா 2002-லும் தங்களுக்கென்று கவுன்சில் சட்டம் கொண்டுவந்தன. இப்படி எதுவும் இல்லாத ஊர்களில், எங்கோ சில மாதம் உதவியாளராக இருந்து கரண்ட் வைக்கக் கற்றவரும் பலகை மாட்டலாம், நாலரை ஆண்டு பிபிடி படித்தவரும் மாட்டலாம். இந்த வெற்றிடத்தில், 'இவர் முறையாகப் படித்தவர்' என்று சொல்ல ஏதோ ஒரு அமைப்பு தேவைப்பட்டது. சங்கம் அந்த இடத்தில் நின்றது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி அமைப்பு செய்யும்போது, சந்தா மெல்ல மெல்லக் கட்டாயம் போன்ற தோற்றத்தை எடுத்துவிடுகிறது.

பக்கத்துத் தொழில் ஒன்றைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். செவித்திறன், பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். அவர்களுக்கும் சங்கம் இருக்கிறது. ஆனால் அதன் அட்டையை யாரும் உரிமம் என்று நினைப்பதில்லை. உரிமம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதனால் அங்கே சங்கம் தன் வேலையைப் பார்க்கலாம்.

பிசியோக்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் இன்னும் பல துணை மருத்துவத் தொழில்களுக்கும் சேர்த்துத் தேசிய ஆணையச் சட்டம் வந்தது 2021-ல்தான். தேசியப் பதிவேடு, மாநில கவுன்சில் எல்லாம் அதில் உண்டு. காகிதத்திலிருந்து தரைக்கு இறங்கத்தான் தாமதம். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

உரிமப் பேச்சை விட்டுவிட்டுத் தேர்ச்சிக்கு வருகிறேன். சங்கங்களின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, அதுவும் மாநாட்டு மேடையில் இல்லை, மாவட்டக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில். சிறிய ஊர் நர்ஸிங் ஹோம் ஒன்றில் தனியாக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இரவு பத்து மணிக்கு எழுதுகிறார்: முகவாதம், வலது பக்கம் கோணிவிட்டது, நாளையிலிருந்து கரண்ட் தூண்டல் ஆரம்பிக்கலாமா? சீனியர் ஒருவர் சிகிச்சையைப் பற்றிப் பேசாமல் முதலில் திருப்பிக் கேட்கிறார்: நெற்றியைச் சுருக்க முடிகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. வாய் கோணியும் நெற்றி சுருங்குகிறது என்றால் கோளாறு முக நரம்பில் இல்லை, மூளையில் இருக்கலாம். அது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நெற்றி சுருங்கவில்லை என்று பதில் வருகிறது. அடுத்த கேள்வி: எத்தனை நாள் ஆச்சு, ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்களா? முகவாதத்தில் முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். மறுநாள் கரண்ட் வைப்பதைவிட, இன்றைக்கே டாக்டரிடம் திருப்பி அனுப்புவதும், மூட முடியாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் மறைப்பும் ஏற்பாடு செய்வதும் முக்கியம். பத்து நிமிட உரையாடலில் அந்த இளைஞர் கற்றுக்கொண்டதை எந்தக் கருத்தரங்கும் அவ்வளவு அழுத்தமாகக் கற்பித்திருக்காது. பெரிய மருத்துவமனையில் கூடவே நாலு பேர் இருப்பார்கள். தாலுகா ஊரில் தனி ஆளாக நிற்பவருக்கு இந்தக் குழுதான் சக ஊழியர். மாவட்டத்துக்கே ஒருவரோ இருவரோ உள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு இது இன்னும் பெரிய துணை.

இதே காட்சியில் இன்னொன்றும் நடக்கிறது. கேள்வியோடு சேர்த்து நோயாளியின் முகப் புகைப்படமும் குழுவில் ஏறுகிறது. கோணிய வாயும் திறந்த கண்ணுமாக ஒரு பெண்மணியின் முகம், அவருக்குத் தெரியாமல், நூற்றுக்கணக்கான போன்களுக்குப் போய்விடுகிறது. சில நேரம் கேஸ் ஷீட்டின் மேல் பெயரும் வயதும் அழியாமலே இருக்கும். கேட்பவரின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கச் சொல்லியோ கண்ணை மறைக்கச் சொல்லியோ ஒருவரும் எழுதுவதில்லை. தொழில் நெறிக்கு நான்தான் காவல் என்று சொல்லிக்கொள்ளும் அமைப்பு தன் வாசலிலேயே இதைக் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய குறை. இரண்டு வரி விதி போதும், செலவும் கிடையாது.

காலையில் அதே குழு சந்தையாகிவிடும். சனி, ஞாயிறு இரண்டே நாளில் டிரை நீடிலிங், கப்பிங், டேப்பிங். சான்றிதழ் உண்டு, மதிய உணவு உண்டு, முந்திப் பதிவு செய்தால் சலுகை உண்டு. தோலில் ஒட்டும் வண்ண டேப்பின் பலனுக்கு ஆய்வு ஆதாரம் எவ்வளவு மெலிந்தது என்று அந்த விளம்பரத்தில் தேடாதீர்கள். வார இறுதிப் பயிலரங்குகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கைத்திறன் சார்ந்த தொழிலில் தொட்டுத்தான் பழக வேண்டும். ஆனால் எது தேறிய முறை, எது இந்த வருட மோகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு சங்கத்துக்கு உண்டு. விளம்பரத்துக்கு இடம் கொடுக்கும் வேகத்தில் அது அந்தப் பொறுப்பை மறந்துவிடுகிறது. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைப் பயிலரங்குக்குக் கட்டிவிட்டு, சட்டம் போட்ட சான்றிதழைச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் அவர்கள்மேல் வருவதில்லை.

அடுத்தது சம்பளம். ஒன்றுகூடினால் என்ன முடியும் என்பதற்கு 2025 செப்டம்பர் நல்ல உதாரணம். பிசியோக்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககத்திலிருந்து செப்டம்பர் 9 தேதியிட்டு ஒரு கடிதம் வெளியானது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. மறுநாளே, விஷயம் மேலும் ஆராயப்பட வேண்டும் என்று அந்தக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அந்த முன்னொட்டு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். ஒரு பட்டப் பெயருக்காக ஒரே இரவில் திரள முடிந்தவர்கள், புதிதாகச் சேரும் பிசியோவுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளம் என்று கேட்டு அப்படித் திரண்டதில்லை. பகலில் மருத்துவமனை, மாலையில் பைக்கில் நாலு வீட்டு ஹோம் விசிட் என்று ஓடினால்தான் குடும்பம் நடக்கும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சங்கக் கூட்டத்தில் அது தேநீர் நேரப் பேச்சோடு நின்றுவிடுகிறது.

ஏன் என்று யோசித்தால் விடை கசப்பானது. பல ஊர்களில் மேடையில் இருப்பவர்கள் கல்லூரி நடத்துகிறவர்களோ கிளினிக் நடத்துகிறவர்களோதான். சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே சங்கத்தில், ஒரே சந்தாவில் இருக்கிறார்கள். இதில் யாருக்காக யார் பேசுவது?

பிரிட்டனில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. அங்குள்ள பிசியோதெரபி சங்கம் 1894-ல் நான்கு செவிலியர்கள் தொடங்கியது. மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளால் தங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்ததுதான் அதற்குத் தூண்டுதல். இன்று அது கல்வி அமைப்பாகவும் இருக்கிறது, வெளிப்படையாகத் தொழிற்சங்கமாகவும் இருக்கிறது, சம்பளம் பேசுகிறது. சந்தாவோடு தொழில் பொறுப்புக் காப்பீடும் வருகிறது. உரிமம் மட்டும் தனியான சட்ட அமைப்பின் கையில். கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதில் அங்கே குழப்பமில்லை. இலங்கையிலும் 2024 தொடக்கத்தில், மருத்துவர்களுக்கு மட்டும் உயர்த்திய படியைத் தங்களுக்கும் கேட்டுத் துணை மருத்துவச் சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. நோயாளிகள் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பாதையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அங்கே யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதாவது தெளிவாக இருந்தது.

மாநில கவுன்சில்கள் முழுமையாக இயங்கத் தொடங்கினால் இங்கேயும் அட்டையின் மீதுள்ள உரிமப் பூச்சு உதிர்ந்துவிடும். அப்போது இளம் பிசியோ எதற்காகச் சந்தா கட்ட வேண்டும் என்ற கேள்விக்குச் சங்கம் பதில் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு என் யோசனை இது: பதிவு எங்கே கட்டாயமோ அங்கே முதலில் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்டக் கிளைக் கூட்டத்துக்கு நாலைந்து முறை போய்ப் பாருங்கள். அங்கே கேஸ் பேசுகிறார்களா, பயிலரங்கு விற்கிறார்களா என்று கவனியுங்கள். போன வருட வரவு செலவைக் கேளுங்கள்; யார் தேர்தலில் நிற்கலாம் என்றும் கேளுங்கள். ஆயுள் சந்தாவை இரண்டு வருடம் கழித்தும் கட்டலாம்.